விரலும் தூரிகைதான்!

நம் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்குக் குழந்தைகளின் ஓவியப் போட்டி நினைவிருக்கலாம். தலைப்பு, 'எங்கள் வீட்டுப் பெரியவர்'. மூன்று நடுவர்களில் அடியேனும் ஒருவன். நான் ஓவியன் அல்லன். முப்பத்தொன்பது வருஷ இரயில்வே உத்தியோகத்தில் பாதிக்கு மேல் டிராயிங் ஆபீசில் கழித்தவன் என்பதால், 'கோடு தெரிந்த மனுஷர்' என்று செயலாளர் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

வீட்டிலிருந்து வரைந்து கொண்டுவந்த படங்கள் மேஜையில் பரப்பப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று கண்ணை இழுத்தது. தலையணையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பாட்டி. கன்னத்துக்கு அடியில் ஒரு கை. இருட்டில் முகத்தில் மட்டும் லேசான நீல வெளிச்சம். மூக்குத்தியில் ஒரு பொட்டு வெள்ளை. எட்டாம் வகுப்புப் பெண் வரைந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தாள் வழவழவென்று இருப்பது தெரிந்தது. பிரிண்ட்!

"இதை எதிலம்மா வரைந்தாய்?" என்று கேட்டேன்.

"டேப்ல, தாத்தா."

அவ்வளவுதான். படத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் போட்ட படத்தையும் பிள்ளைகள் கையால் போட்ட படத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று வாதம் செய்தேன். மற்ற இரண்டு நடுவர்களும் தயங்கினார்கள். விதிகளில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றுகூட ஒருவர் சொன்னார். என் குரல்தான் பெரியது! அந்தப் பெண் படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நான் செய்தது சரிதானா என்று எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆயிற்று. விளங்க வைத்தவர் இங்கிலாந்து தேசத்து ஓவியர் ஒருவர். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கை போய்விடுமா?

முதலில் என் பிடிவாதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். 1979-ல் டிப்ளமாவை முடித்த கையோடு இரயில்வே பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் ரிவெட் அடிக்கும் இடத்தில். என் காதுகள் இரண்டும் மந்தமாகிப்போனதற்கு அங்கேதான் அஸ்திவாரம். பிறகு டிராயிங் ஆபீஸ். சாய்வான பலகை, டி-ஸ்கொயர், மெழுகுபோல் மினுங்கும் டிரேசிங் துணி, ரோட்ரிங் பேனா. கோடு தவறினால் பிளேடு முனையால் மையைச் சுரண்டி, மேலே அழி ரப்பரால் தேய்த்து, மறுபடியும் போட வேண்டும். அம்மோனியா பிரிண்ட் எடுக்கும் அறையின் நெடி இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

அங்கே எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு படத்தைப் பார்த்தாலே யார் கை என்று சொல்லிவிடுவார். அம்புக்குறி போடும் விதத்திலேயே ஆளைத் தெரியும் என்பார். 1990-களின் நடுவில் ஆட்டோகேட் வந்தது. நான் ஆசையாகக் கற்றுக்கொண்டேன். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா, கை போயிடும்ப்பா" என்றார். சில மாதங்களில் ஓய்வும் பெற்றுவிட்டார். அவர் சொன்னது ஓரளவு உண்மையாயிற்று. யார் போட்டாலும் ஒரே அம்புக்குறி. பொங்கல் மேடையில் அன்று பேசியது நான் அல்ல, அந்தப் பெரியவர்தான் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

சேரிங் கிராஸில் இறங்கி...

2023 நவம்பரில் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தோம். பழைய இரயில்வேக்காரனுக்கு லண்டனில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்ப்பதே பொழுதுபோக்கு. சேரிங் கிராஸ் ஸ்டேஷனைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது குளிர் தாங்கவில்லை. பக்கத்தில் டிராஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி இருக்கும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு மகள் அழைத்துப் போனாள். 1856-ல் தொடங்கியது, முகங்களுக்கென்றே உள்ள படக்கூடம். அங்கே அப்போது டேவிட் ஹாக்னி என்பவரின் உருவச் சித்திரக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 2020 பிப்ரவரியில் தொடங்கி, கொரோனாவால் மூன்றே வாரத்தில் மூடப்பட்ட கண்காட்சி அது. 2023 நவம்பர் 2-ஆம் தேதி மறுபடி திறந்திருந்தார்கள். குளிருக்கு ஒதுங்கியவன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்!

ஹாக்னி 1937 ஜூலை 9-ஆம் தேதி, கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன பிராட்ஃபோர்டு நகரத்தில் பிறந்தவர். ஐந்து குழந்தைகளில் நான்காமவர். அப்பா கணக்கு எழுதும் குமாஸ்தா. மேல்வருமானத்துக்காகப் பழைய குழந்தை வண்டிகளைப் புதுப்பித்து வண்ணமடித்துக் கொடுப்பார். தூரிகை நேர்க்கோடு இழுக்கும் அதிசயத்தைப் பிள்ளை முதலில் பார்த்தது அங்கேதான். அம்மா லாரா தெய்வபக்தி மிகுந்தவர், நம்மில் பலரைப் போல் சுத்த சைவம்! 1999-ல் 98 வயதில் காலமானார்.

பதினெட்டு வயதில் அப்பாவை உட்கார வைத்து ஹாக்னி தீட்டிய எண்ணெய் வண்ணப் படம் பத்து பவுனுக்கு விலை போயிற்று. அதுதான் முதல் வருமானம். 1972-ல் அவர் வரைந்த நீச்சல் குளப் படம் ஒன்று 2018 நவம்பரில் 9 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் படத்துக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை. ஆனால் நான் சொல்ல வந்தது பணத்தை அல்ல. பென்சிலும் எண்ணெய் வண்ணமும் ஆயுள் முழுக்கச் சோறு போடும் என்ற நிலையில் இருந்த மனிதர், ஒவ்வொரு புதுக் கருவி வந்தபோதும் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

1982-ல் போலராய்டு கேமராவால் ஒருவரையே பல கோணங்களில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி முகம் செய்தார். 1980-களில் பி.பி.சி. தொலைக்காட்சிக்காகப் பெயிண்ட்பாக்ஸ் என்ற ஆரம்ப காலக் கம்ப்யூட்டர் கருவியில் வரைந்தார். 1989-ல் பிரேசில் நாட்டு சாவோ பாலோ கண்காட்சிக்கு ஃபாக்ஸ் மெஷினிலேயே படங்களை அனுப்பிவைத்தார். அதே வருஷம் கலிஃபோர்னியாவிலிருந்து பிராட்ஃபோர்டு பக்கத்து ஆலைக் கட்டிடம் ஒன்றுக்கு 144 தாள்களாக ஒரே படத்தை ஃபாக்ஸ் செய்தார். இங்கே வந்து சேரச் சேர ஒட்டினார்கள். நம் டிவிஷன் ஆபீசில் ஃபாக்ஸ் மெஷினை ஒரு தனி அறையில் பூட்டி வைத்திருந்த காலம் அது!

பழைய கருவி, புதிய சந்தேகம்

உருவச் சித்திரத்தில் கருவி என்பது புதிய சங்கதி அல்ல என்று ஹாக்னிக்கு உறைத்த கதை சுவையானது. 1999-ல் லண்டனில் ஆங்க்ர் என்ற பிரெஞ்சு ஓவியரின் கண்காட்சியைப் பார்த்தார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பென்சில் முகங்கள். இத்தனை சின்ன அளவில், இத்தனை வேகமான கோட்டில், இத்தனை துல்லியம் எப்படி வந்தது? 'கேமரா லூசிடா' உதவியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். வொலாஸ்டன் என்ற விஞ்ஞானி 1806-ல் காப்புரிமை பெற்ற கருவி அது. கேமரா என்று பெயரே தவிர, பெட்டியும் இல்லை, ஃபிலிமும் இல்லை. ஒரு கம்பியின் நுனியில் சின்னப் பட்டகம், அவ்வளவே. அதன் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரே உள்ள முகமும் கீழே உள்ள தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கண் சற்று அசைந்தாலும் முகம் நழுவிவிடும்.

ஹாக்னி ஒன்று வாங்கிப் பழகினார். லண்டன் நேஷனல் கேலரியின் காவலர்கள் பன்னிரண்டு பேரைச் சீருடையோடு உட்கார வைத்து வரைந்தார். 2000-ல் அந்தக் கேலரியின் சுவரிலேயே அவர்கள் படமாக ஏறினார்கள். தினமும் பிறர் முகங்களைக் காவல் காத்த ஆட்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அந்த அனுபவத்தில் அவர் கண்டது இது: கருவி உதவுவது முதல் சில நிமிஷங்களுக்குத்தான். கண்ணோரம், மூக்குத் துவாரம், வாயின் இரண்டு முனைகள் என்று சில புள்ளிகளைக் குறித்துக்கொள்ளலாம். மீதி நேரமெல்லாம் வெறும் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். வரையத் தெரியாதவனுக்கு அந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. பழைய மேதைகள் பலரும் ஆடி, வில்லைகளின் துணையோடுதான் வரைந்தார்கள் என்று 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். கலை வரலாற்று அறிஞர்கள் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு தனி.

எனக்கு இதில் வியப்பில்லை. படத்தைப் பெரிதாக்கப் பான்டோகிராஃப் என்ற மடக்குச் சட்டத்தை டிராயிங் ஆபீசுகளில் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். எலெக்ட்ரிக் எஞ்சினின் தலைமேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு வருகிறதே, அதற்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் படம் வரையும் சட்டத்தின் சாயலால்தான்.

முகத்தையும் இயந்திரத்தையும் நம் ஊரில் கலக்கவில்லையா என்ன? 1974-ல் என் அப்பா காலமானபோது வீட்டில் அவருக்குத் தனிப் படமே கிடையாது. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் தோளுக்கு மேல் தெரிவார். திருச்சி ஸ்டுடியோ ஒன்றில் அதைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். முகம் தெளிவில்லை என்று அங்கிருந்த ஆர்ட்டிஸ்ட் கண்ணை எழுதி, மீசையை ஒழுங்குபடுத்தி, ஆயுளில் கோட்டே போட்டறியாத மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். கண்ணாடிச் சட்டத்தோடு வீட்டுக்கு வந்த படத்தை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "படம் நல்லாத்தான் இருக்கு. யாரு இது?" என்றாள். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. பண்டிகைக்கு மாலை போடுகிறோம். ஆனால் அப்பாவை நினைக்கும்போது அந்த முகம் எனக்கு வருவதில்லை.

அந்த ஆர்ட்டிஸ்டின் கையில் குறையில்லை. அவர் வரைந்தது சுத்தமான கைவேலை. அவர் என் அப்பாவைப் பார்த்ததில்லை, அதுதான் விஷயம்.

இருட்டில் வரைய ஒரு பலகை

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் வரைவதில் ஹாக்னிக்கு வெகுநாள் ஒரு குறை இருந்தது: கை கோட்டை முடித்த பிறகும் இயந்திரம் பின்னால் ஓடி வந்துகொண்டிருக்கும். கையின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்க ஆரம்பித்த பிறகு, 2008 வாக்கில், ஃபோட்டோஷாப்பில் மின் பலகையும் பேனாவும் கொண்டு உருவச் சித்திரங்கள் வரைந்தார். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் எதிரே உட்கார வைத்து, பென்சிலில் வரைகிற மாதிரியே வரைந்து, பெரிய தாள்களில் அச்சிட்டார். 2009-ல் லண்டனில் அவை கண்காட்சியாயின.

அடுத்து ஐஃபோன் வந்தது. வடக்கு இங்கிலாந்தின் கடலோரத்தில் பிரிட்லிங்டன் என்ற ஊரில் அப்போது வசித்தார். விடியற்காலை படுக்கையில் இருந்தபடியே, விளக்குப் போடாமல், ஜன்னலுக்கு வெளியே வெளுக்கும் வானத்தைக் கட்டை விரலால் வரைவார். திரையே வெளிச்சம் தருவதால் இருட்டிலும் வண்ணம் தெரியும். கலக்க வேண்டாம், கழுவ வேண்டாம், காயும்வரை காத்திருக்க வேண்டாம். வானம் மாறுகிற வேகத்துக்குக் கையும் போகலாம். வரைந்த கையோடு நண்பர்களுக்கு அனுப்பியும் விடுவார். 2010-ல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். ஸ்கெட்ச் புத்தகம் வைப்பதற்கென்று கோட்டின் உட்பக்கம் அவர் பெரிய பை தைத்து வைத்திருந்தார். ஐபேட் அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம்!

2012-ல் தன் முகத்தையே ஐபேடில் திரும்பத் திரும்ப வரைந்தார். தொப்பியோடு, கண்ணாடியோடு, முகம் சுளித்து, சிகரெட்டோடு. எழுபத்து நான்கு வயது முகம், ஒரு பூச்சும் இல்லாமல். அந்தக் கண்காட்சியில் பதினாறு பதினேழு வயதில் வரைந்துகொண்ட தன் முகமும் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்று பென்சில் யுகம், ஒன்று ஐபேட் யுகம் என்று சொன்னால்தான் தெரியும். பார்க்கிற கண் ஒன்றே.

ஐபேடில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அவர் பயன்படுத்திய வரைகலைச் செயலி, ஒவ்வொரு கோட்டையும் போட்ட வரிசையில் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஓடவிட்டால் வெற்றுத் திரையிலிருந்து படம் முளைப்பதைப் பார்க்கலாம். எங்கே தயங்கினார், எதை அழித்தார், எதை மூன்று தரம் போட்டார் எல்லாம் தெரியும். தான் வரைவதைத் தானே பார்த்தது அதுதான் முதல் தடவை என்று அவரே ஆச்சரியப்பட்டிருக்கிறார். பிளேடால் சுரண்டிய இடங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே ஒருவர் வேலையை எடை போட்ட எனக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லவும் வேண்டுமா? கை போய்விடும் என்றாரே எங்கள் பெரியவர், இங்கே கையின் ஒவ்வொரு அசைவும் பத்திரமாக இருக்கிறதே!

குறைகளும் உண்டு. தாளின் சொரசொரப்பு பேனாவைப் பிடித்து நிறுத்தும். கண்ணாடியில் அந்தப் பிடிமானம் இல்லை. வண்ணத்துக்குத் தடிமன் கிடையாது. 2021-ல் அவருடைய ஐபேட் வசந்தகாலப் படங்கள் லண்டனில் வைக்கப்பட்டபோது, தட்டையாக இருப்பதாகச் சில விமர்சகர்கள் காட்டமாகவே எழுதினார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐபேடில் அவர் வரைந்த பூமரக் கிளைகளை யார்க் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர்கள் பழைய முறைப்படி வண்ணக் கண்ணாடியாகச் செய்து, 2018-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலய ஜன்னலில் பொருத்தினார்கள். எலிசபெத் ராணியின் ஆட்சியைக் கொண்டாட வைத்த ஜன்னல். அங்கே போய் அண்ணாந்து பார்த்தேன். தட்டையாகத் தெரியவில்லை!

மூன்று நாள் நாற்காலி

இவ்வளவு கருவிகளைக் கையாண்டவர் தூரிகையை விட்டுவிடவில்லை. 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே மஞ்சள் நாற்காலியில் ஒருவர் பின் ஒருவராக ஆட்களை உட்கார வைத்து அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். எல்லாம் ஒரே அளவு. ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நாள். இப்படி 82 படங்கள். ஒருவர் வரவேண்டிய நாளில் வர முடியாமல் போக, கையிலிருந்த வேகம் வீணாகாமல் அன்றைக்கு ஒரு பெஞ்சில் பழங்களை வைத்து வரைந்துவிட்டார்! 2016-ல் எல்லாவற்றையும் லண்டனில் வரிசையாக மாட்டினார்கள். நான் பார்த்த கண்காட்சியிலும் கடைசிக் கூடத்தில் பிரான்சின் நார்மண்டியில் 2021, 2022-ஆம் வருஷங்களில் நேரில் பார்த்துத் தீட்டிய முகங்கள் இருந்தன.

ராணியை வரையச் சொல்லிக் கேட்டபோதுகூட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்தவர்களை வரைவதில்தான் அவருக்கு விருப்பம். கண்காட்சியில் திரும்பத் திரும்ப வந்த முகங்கள் அவரையும் சேர்த்து ஐந்தே பேருடையவை. அதில் ஒருவர் அம்மா. கணவரின் இறுதிச் சடங்கையொட்டி மகன் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவை மையால் வரைந்த படம் ஒன்று உண்டு. அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு என் மனைவி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொரு செய்தி எனக்கு நெருக்கமாக இருந்தது. 1979 வாக்கிலிருந்து ஹாக்னிக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் கருவி. காது குறையக் குறைய இடத்தையும் தூரத்தையும் கண் கூர்மையாக வாங்கிக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். ரிவெட் சத்தத்தில் காதைத் தொலைத்த நான், அதைப் படித்துவிட்டு என் கருவியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒருக்களித்துப் படுத்திருந்த ஒரு பாட்டியின் முகமும், அதில் விழுந்த நீல வெளிச்சமும் கண்முன்னே நின்றன. இருட்டில், பக்கத்தில் இருந்து, பார்த்து வரைந்த படமல்லவா அது?

பதினொரு ராத்திரி

2024 ஜனவரியில் மும்பை திரும்பியதும், செயலாளரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு செம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம். அதே படம்தான். சட்டம் போட்டுச் சந்தன மாலை சாத்தியிருந்தார்கள்.

என்னால் பேச முடியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாதான் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "அத்தை போன மாசியில போயிட்டாங்க சார். ராத்திரியெல்லாம் தூக்கமே கிடையாது. லைட்டைப் போட்டா கண் கூசும்பாங்க. இவ பக்கத்திலேயே படுத்துக்கிட்டு, பேசிக்கிட்டே வரைஞ்சா. பதினொரு ராத்திரி."

போன வருஷம் நான் இதைக் கேட்டிருக்கலாம். எதில் வரைந்தாய் என்று கேட்டேனே தவிர, எப்படி வரைந்தாய் என்று கேட்கவில்லை.

அந்தப் பெண் டேபைக் கொண்டுவந்து படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். பதினொரு ராத்திரியும் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஓடின. முதலில் நெற்றி. பிறகு மூக்கு, அழித்து மறுபடி மூக்கு. கண் இமை நாலு தரம் வந்து போயிற்று. கன்னத்துக்கு அடியில் இருந்த கை முழுதாக வரைந்து முடிந்த பிறகு ஓரிடத்தில் மறைந்து, கொஞ்சம் பருமனாகத் திரும்ப வந்தது. "அன்னிக்கு டிரிப்ஸ் ஏத்தினதுல கை வீங்கிடுச்சு தாத்தா. அதான் மாத்தினேன்" என்றாள். மூக்குத்தி வெள்ளைதான் கடைசிப் புள்ளி.

"போன வருஷம் நான் செய்தது தப்பம்மா" என்றேன். "பரவால்ல தாத்தா" என்று நிமிராமலே சொன்னாள். பெரியவர்களிடம் பிள்ளைகள் சொல்லும் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? கிளம்ப எழுந்தேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து, "சும்மா உட்காருங்க, உங்களை வரையறேன்" என்றாள்.

நாலு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். உட்காருவது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஹாக்னியின் அப்பாகூட உட்காரப் பொறுமையில்லாமல் நெளிந்துகொண்டே இருப்பாராம். 1977-ல் முடித்த பெற்றோர் படத்தில் அம்மா நேரே மகனைப் பார்க்க, அப்பா குனிந்து புத்தகம் படிப்பதாகத்தான் வரைந்திருக்கிறார். முதல் நாள் நான் மெதுவாக, "காதுல இருக்கிற மெஷினை விட்டுடேன்மா" என்று கேட்டுப் பார்த்தேன். "இருக்கிறதைத்தானே வரையணும்?" என்றாள். திருச்சி ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. ஒரு போட்டோவைக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் மாதிரி செய்து தரும் செயற்கை அறிவு எல்லாப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வந்துவிட்டது. நான் அன்று பயந்தது இதற்குத்தான் என்றால், பயம் தப்பல்ல. ஆளைத்தான் தப்பாகப் பிடித்தேன். ஆகவே ஓவியப் போட்டிக்கு இனி ஒரே ஒரு விதி போதும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பெரியவர் ஒருவரை எதிரே உட்கார வைத்து, அவரைப் பார்த்து, நம் மண்டபத்திலேயே வரைய வேண்டும். பென்சிலோ, வாட்டர் கலரோ, டேபோ, அவரவர் விருப்பம். உட்காருவதற்குப் பெரியவர்கள் வேண்டும். நம் சங்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நடுவராக மட்டும் இனி என்னைக் கூப்பிட வேண்டாம்!

நாலாவது ஞாயிறு படம் முடிந்து, அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் கோட்டுப் படத்துக்குக் கீழே மேஜையில் சாய்த்து வைத்தேன். முன்தலை வழுக்கை, இடது கண்ணோரச் சுருக்கம், காதுக்குப் பின்னால் அந்தக் கருவி, எல்லாம் அப்படியே. மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து சற்று நேரம் பார்த்தாள்.

"நீங்களேதான்" என்றாள்.